நவம்பருக்கு முன்னால் வரும் தேர்தல்: அமெரிக்க பிரைமரியில் முதன்முறை வாக்களிப்பவர்களுக்கு

நியூயார்க் நகரத்தில் குவீன்ஸ், பிராங்ஸ் பகுதிகளை உள்ளடக்கிய 14ஆவது தொகுதியில் 2018 ஜூன் 26 அன்று ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் தேர்தல், நடந்தது. இருபது ஆண்டுகளாகப் பிரதிநிதிகள் சபையில் இருந்த, கட்சியின் பெருந்தலைகளில் ஒருவரான ஜோ கிரௌலியை எதிர்த்து 28 வயது அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் நின்றார். பதிவான வாக்குகள் முப்பதாயிரத்தைத் தொடவில்லை. அவற்றில் ஏறத்தாழ 17,000 வாக்குகளை வாங்கி அவர் ஜெயித்தார். நவம்பர் பொதுத்தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 78 சதவீதம். ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் வாழும் தொகுதியின் பிரதிநிதி யார் என்பதை ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் வாக்குச்சாவடிக்குப் போன சிறு கூட்டம் முடிவு செய்துவிட்டது.

குடியுரிமை பெற்றதும் 'நவம்பரில் ஓட்டுப் போட வேண்டும்' என்று உற்சாகமாகக் காத்திருக்கும் நம்மவர்கள் பலருக்கு இந்தச் செய்தி போய்ச் சேருவதில்லை. அமெரிக்கத் தொகுதிகளில் பெரும்பாலானவை ஒரே கட்சியின் கோட்டைகள். அங்கே ஆளைத் தேர்ந்தெடுக்கும் உண்மையான போட்டி பிரைமரியில்தான் நடக்கிறது.

தமிழ்நாட்டில் நாம் பார்த்துப் பழகியது வேறு. விருப்ப மனு, கட்டணம், நேர்காணல், பிறகு தலைமை வெளியிடும் பட்டியல். அமெரிக்காவில் வேட்பாளரை அறிவிக்கும் அந்த அதிகாரம் கட்சித் தலைமையிடம் இல்லை. சட்டம் கேட்கும் அளவுக்குக் கையெழுத்துகளைத் திரட்டினாலோ கட்டணத்தைக் கட்டினாலோ, தலைமைக்குப் பிடிக்காதவரும் அந்தக் கட்சியின் பிரைமரியில் நிற்கலாம். நியூ ஹாம்ப்ஷயரில் 2024 அதிபர் பிரைமரிக்கான கட்டணம் 1,000 டாலர்தான். அதைக் கட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் யாருக்கும் தெரியாத பெயர்கள் வாக்குச்சீட்டில் வரிசை கட்டி நிற்கும்.

முதலில்: உங்களுக்கு வாக்கு உண்டா?

குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. பிரைமரி என்பது 'கட்சியின் உள்விவகாரம்' என்று நினைத்து கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் பதிவு செய்துவிடக் கூடாது. ஓட்டுநர் உரிமம் வாங்கும் அலுவலகத்தில் வாக்காளர் பதிவுப் படிவத்தையும் சேர்த்தே நீட்டுவார்கள். வரிசையில் நிற்கும் அவசரத்தில் 'ஆம்' என்று குறித்துவிட்டால் வினை. குடிமகன் என்று பொய்யாக உறுதிமொழி அளித்ததாக அது எடுத்துக்கொள்ளப்படலாம். பின்னாளில் குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்படவும், நாடு கடத்தும் நடவடிக்கை வரவும் அதுவே காரணமாகலாம். சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதியைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

வாக்கு இல்லாதவர்களும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. ஊதியம் வாங்காமல் ஒரு வேட்பாளருக்காக வீடு வீடாகப் போகலாம், தொலைபேசியில் பேசலாம். நன்கொடை விஷயத்தில் மட்டும் கோடு தெளிவாக இருக்கிறது: கிரீன் கார்டு உள்ளவர் கொடுக்கலாம், எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது.

உங்கள் மாநிலம் எந்த வகை?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இந்தப் பகுதியைப் படியுங்கள். 'அமெரிக்க பிரைமரி விதி' என்று ஒன்று கிடையாது. ஐம்பது மாநிலங்களும் ஆளுக்கொரு விதி வைத்திருக்கின்றன. டெக்சாஸில் இருக்கும் அண்ணன் சொன்ன வழியில் நியூயார்க்கில் இருக்கும் தம்பி நடந்தால் வாக்குச்சாவடியிலிருந்து வெறுங்கையுடன் திரும்புவார்.

நியூயார்க், பென்சில்வேனியா, ஃபுளோரிடா ஆகியவை மூடிய பிரைமரி மாநிலங்கள். அந்தக் கட்சியின் வாக்காளராகப் பதிவு செய்தவர் மட்டுமே அதன் பிரைமரியில் வாக்களிக்கலாம். இங்கே புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. பதிவுப் படிவத்தில் 'எந்தக் கட்சி?' என்ற கேள்வி வரும்போது, 'நமக்கு எதற்கு வம்பு' என்று வெறுமையாக விட்டுவிடுவார்கள். அப்படி விட்டவருக்கு நவம்பர் மட்டும்தான் மிச்சம். நியூயார்க்கில் கட்சியை மாற்றுவதற்கோ புதிதாகச் சேர்ப்பதற்கோ பிப்ரவரி 14 கெடு; ஜூன் மாதம் நடக்கும் பிரைமரிக்கு நான்கு மாதம் முன்னதாகவே கதவு சாத்திவிடுகிறது. முதன்முறையாகப் பதிவு செய்பவருக்கு இந்தக் கெடு பொருந்தாது, தேர்தலுக்குப் பத்து நாள் முன்வரை கட்சியோடு பதிவு செய்யலாம். அதனால் முதல் படிவத்திலேயே யோசித்துக் குறிப்பது நல்லது. ஃபுளோரிடாவில் கெடு 29 நாள், பென்சில்வேனியாவில் 15 நாள்.

முன்பு நியூயார்க்கின் கெடு இன்னும் கொடுமையாக இருந்தது. 2016 ஏப்ரலில் நடந்த பிரைமரிக்கு 2015 அக்டோபரிலேயே கட்சியை மாற்றியிருக்க வேண்டும். டொனால்ட் டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் அதைத் தவறவிட்டதால், சொந்த அப்பா போட்டியிட்ட பிரைமரியில் வாக்களிக்க முடியாமல் போனது.

டெக்சாஸ், வர்ஜீனியா, ஜார்ஜியா, இல்லினாய், விஸ்கான்சின் ஆகியவை திறந்த பிரைமரி மாநிலங்கள். பதிவின்போது கட்சி கேட்பதே இல்லை. வாக்குச்சாவடியில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம். விஸ்கான்சினில் அதைக்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். சீட்டில் எல்லாக் கட்சிகளும் இருக்கும், மறைவில் ஒரு கட்சியின் பகுதியில் மட்டும் குறிக்க வேண்டும். இரண்டு கட்சிகளின் பகுதியிலும் குறித்தால் வாக்கு செல்லாது.

இரண்டுக்கும் நடுவில் நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் போன்றவை. கட்சி சாராதவராகப் பதிவு செய்தவர் அன்றைக்கே ஏதாவது ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கலாம். ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிவானவர் மற்றதில் நுழைய முடியாது. நியூ ஜெர்சியில் ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாற 55 நாள் முன்பே எழுதிக்கொடுக்க வேண்டும்.

கலிஃபோர்னியா தனி ரகம். அதிபர் பதவி தவிர்த்த மாநில, நாடாளுமன்றப் பதவிகளுக்கு 2012 முதல் எல்லாக் கட்சியினரும் ஒரே சீட்டில் நிற்கிறார்கள், எல்லா வாக்காளர்களும் வாக்களிக்கிறார்கள், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பருக்குப் போகிறார்கள். அந்த இருவரும் ஒரே கட்சியாக இருப்பதும் உண்டு. 2016இல் செனட் பதவிக்குக் கமலா ஹாரிஸும் லொரெட்டா சாஞ்செஸும் நவம்பரில் மோதினார்கள். இருவருமே ஜனநாயகக் கட்சி. அதே ஆண்டு சிலிக்கான் பள்ளத்தாக்கில் ரோ கன்னாவும் மைக் ஹோண்டாவும் அப்படித்தான். வாஷிங்டன் மாநிலத்திலும் இதே முறை. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2016இல் சியாட்டில் தொகுதியில் நவம்பர் வரை போராடியது சொந்தக் கட்சிக்காரருடன்தான். அலாஸ்கா ஒரு படி மேலே போய் 2022 முதல் நான்கு பேரை அனுப்புகிறது.

கலிஃபோர்னியாவில் இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் கட்சி என்று ஒன்று அங்கே இருக்கிறது. எந்தக் கட்சியும் சாராதவர் என்று பொருள்கொண்டு அதைக் குறித்துவிட்டுப் பிறகு விழிப்பவர்கள் ஏராளம். கட்சி வேண்டாம் என்றால் அதற்கென்று தனியாக உள்ள கட்டத்தைத்தான் குறிக்க வேண்டும்.

கட்சியில் பதிவு செய்தால் என்ன ஆகும்?

பெரிதாக ஒன்றும் ஆகாது. சந்தா கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது, கூட்டத்துக்குப் போக வேண்டிய கட்டாயம் கிடையாது. நவம்பரில் எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். பதிவு செய்த கட்சியின் பெயர் பல மாநிலங்களில் வாக்காளர் பட்டியலில் இருக்கும், பிரச்சாரக்காரர்கள் அதைப் பெற முடியும். ஆகவே தேர்தல் காலத்தில் தபால் பெட்டி நிரம்பும், தொலைபேசி ஓயாது. யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

எந்தக் கட்சியில் பதிவு செய்வது? கொள்கைப் பிடிப்பு உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. மற்றவர்களுக்கு என் யோசனை: உங்கள் தொகுதியில் எந்தக் கட்சி எப்போதும் ஜெயிக்கிறதோ, அதில் பதிவு செய்யுங்கள். ஜனநாயகக் கட்சியின் கோட்டையான மான்ஹாட்டனில் குடியரசுக் கட்சியின் பிரைமரியில் வாக்களிப்பதால் உள்ளூரில் எதுவும் மாறப்போவதில்லை. இது கள்ளத்தனம் என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்களை ஆளப்போகிறவரை முடிவு செய்யும் இடம் எதுவோ, அங்கே போய் நிற்கிறீர்கள்.

அந்த இடத்துக்குள் நுழையும் உரிமைக்காகப் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. அந்தக் காலத்து டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி மட்டும்தான் ஜெயிக்கும். அந்தக் கட்சி, 'நாங்கள் தனியார் அமைப்பு, எங்கள் பிரைமரியில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம்' என்று விதி வைத்தது. பொதுத்தேர்தலில் கறுப்பின மக்களுக்குச் சட்டப்படி வாக்கு இருந்தும் அதில் முடிவு செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. ஹூஸ்டனைச் சேர்ந்த லானி ஸ்மித் என்ற பல் மருத்துவர் வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல். 1944இல் அந்த விதியை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது.

தேதியைக் குறித்துவைத்தல்

நவம்பர் தேர்தல் நாடு முழுக்க ஒரே நாள். பிரைமரி அப்படி இல்லை. டெக்சாஸ், இல்லினாய், வட கரோலினா ஆகியவை மார்ச் மாதத்திலேயே முடித்துவிடும். நியூ ஜெர்சி ஜூன் தொடக்கம், நியூயார்க் ஜூன் கடைசி. மாசசூசெட்ஸ், டெலவேர் போன்றவை செப்டம்பர் வரை இழுக்கும். அதிபர் தேர்தல் ஆண்டில் சில மாநிலங்கள் அதிபர் பிரைமரியை ஒரு நாளும் மற்றப் பதவிகளுக்கானதை வேறொரு நாளும் வைக்கின்றன. முதலாவதற்குப் போனவர் இரண்டாவதை மறந்துவிடுவார். மாநிலத் தேர்தல் துறையின் இணையதளத்திலோ மாவட்டம் போன்ற உங்கள் கவுண்டியின் தேர்தல் அலுவலகத்திலோ தேதியையும் பதிவுக் கெடுவையும் பார்த்து நாட்காட்டியில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் தேதியை நம்ப வேண்டாம்.

சில தென்மாநிலங்களில் இன்னொரு சுற்றும் உண்டு. டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் யாரும் பாதிக்கு மேல் வாங்கவில்லை என்றால் முதல் இருவரும் மீண்டும் மோதுவார்கள். 2012இல் டெக்சாஸ் செனட் பிரைமரியில் டேவிட் டியூஹர்ஸ்ட் 45 சதவீதம் அளவுக்கு வாங்கி முன்னிலையில் இருந்தார். டெட் குரூஸுக்கு 34 சதவீதம். ஜூலை இறுதியில் கொளுத்தும் வெயிலில் நடந்த இரண்டாம் சுற்றில் குரூஸ் ஜெயித்து செனட்டுக்குப் போனார். டெக்சாஸில் முதல் சுற்றில் ஒரு கட்சியின் சீட்டை வாங்கியவர் இரண்டாம் சுற்றில் மற்றக் கட்சிக்குத் தாவ முடியாது. முதல் சுற்றுக்கே போகாதவர் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்பது வேடிக்கை.

வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியதும்

சீட்டின் நீளம் முதன்முறை வருபவரை மிரட்டும். ஆளுநர், செனட், கீழவை, மாநிலச் சட்டமன்றம், கவுண்டி அதிகாரிகள், சில இடங்களில் நீதிபதிகள் வரை எல்லாம் ஒரே சீட்டில் இருக்கும். எல்லோரும் ஒரே கட்சி என்பதால் கட்சிப் பெயரைப் பார்த்துக் குறிக்கும் வசதியும் கிடையாது. அதனால் மாதிரி வாக்குச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்து, வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போக வேண்டும். தெரியாத பதவியைக் காலியாக விட்டாலும் மற்ற வாக்குகள் செல்லும்.

நியூயார்க் நகர மேயர் பிரைமரியில் 2021 முதல் ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம். கடைசி இடத்தில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். 2021இல் எரிக் ஆடம்ஸ் இறுதியில் ஜெயித்தது ஏழாயிரத்துச் சொச்சம் வாக்குகளில்தான். ஐந்து இடத்திலும் ஒரே பெயரை எழுதினால் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

தபாலில் வாக்களிக்கும் வசதி உள்ள இடங்களில் எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு: அதிபர் பிரைமரியில் அவசரப்படாதீர்கள். 2020இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் போட்டியில் இருந்த பீட் பூட்டஜெஜும் ஏமி குளோபுச்சரும், பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் செவ்வாய்க்கு முந்தைய இரண்டே நாட்களில் விலகினார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே வாக்களித்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கவில்லை. சீட்டை நிரப்பி வைத்துக்கொண்டு, கடைசி சில நாட்களில் அதற்கென வைத்திருக்கும் பெட்டியில் போடுவது நல்லது.

அதிபர் வேட்பாளர் கணக்கு வேறு

மற்றப் பதவிகளில் பிரைமரியில் ஜெயித்தவரே வேட்பாளர். அதிபர் பதவிக்கு நீங்கள் போடும் வாக்கு, கட்சி மாநாட்டுக்குப் போகும் பேராளர்களை வேட்பாளர்களிடையே பங்கிடுகிறது. மாநாட்டில் பாதிக்கு மேல் பேராளர்கள் யார் பக்கமோ, அவரே வேட்பாளர். 2024இல் குடியரசுக் கட்சிக்கு 2,429 பேராளர்கள், வேண்டியது 1,215.

பங்கிடும் விதம் கட்சிக்குக் கட்சி மாறும். ஜனநாயகக் கட்சி விகிதாசாரப்படி கொடுக்கிறது, ஆனால் 15 சதவீதத்துக்குக் கீழே வாங்கியவருக்கு ஒன்றும் இல்லை. குடியரசுக் கட்சி மாநிலங்களின் விருப்பத்துக்கு நிறைய இடம் கொடுக்கிறது, பல மாநிலங்கள் ஜெயித்தவருக்கே அள்ளிக் கொடுக்கின்றன. 2024இல் தென் கரோலினாவில் நிக்கி ஹேலி ஏறக்குறைய 40 சதவீத வாக்கு வாங்கினார். 50 பேராளர்களில் அவருக்குக் கிடைத்தது 3, டிரம்புக்கு 47. கலிஃபோர்னியாவின் 169 பேரும் டிரம்புக்கே போனார்கள். விலகும் வேட்பாளர்கள் 'பிரச்சாரத்தை நிறுத்தி வைக்கிறேன்' என்று இழுத்துப் பேசுவதற்கும், ஏற்கெனவே கிடைத்த பேராளர்களை இழந்துவிடக் கூடாது என்ற இந்தக் கணக்கு ஒரு காரணம்.

சில மாநிலங்களில் பிரைமரிக்குப் பதிலாகக் காகஸ் நடக்கும். குறிப்பிட்ட நேரத்தில் பள்ளியிலோ தேவாலயத்திலோ கூடி, பேச்சுகளைக் கேட்டு வாக்களிக்கும் கூட்டம் அது. அயோவாவில் ஜனவரிக் குளிரில் இரவில் நடந்துவந்த காகஸ் மிகப் பிரபலம். 2024 ஜனவரி 15 அன்று அங்கே குடியரசுக் கட்சியின் காகஸில் நான்காம் இடம் பிடித்த விவேக் ராமசாமி அன்றிரவே விலகினார். இரவுப் பணியில் இருப்பவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இந்த முறை பெரிய அநியாயம் என்றே சொல்வேன்.

எந்த வாக்குக்குப் பேராளர்கள் கிடைக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் நெவாடாவில் மாநில அரசு குடியரசுக் கட்சிக்குப் பிரைமரி நடத்தியது. இரண்டு நாள் கழித்துக் கட்சி தன் பங்குக்குக் காகஸ் நடத்தியது. பேராளர்கள் கிடைத்தது காகஸில் மட்டும். பிரைமரியில் நின்ற ஹேலி, 'இவர்களில் யாரும் இல்லை' என்ற கட்டத்திடம் தோற்றார்.

இத்தனை சிக்கலும் எங்கிருந்து வந்தது என்றால், 1968இலிருந்து. அந்த ஆண்டு ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் போட்டியிடாமல், கட்சிப் பெரியவர்களின் கையில் இருந்த பேராளர்களை வைத்தே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆனார். சிகாகோ மாநாட்டு அரங்குக்கு வெளியே வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களைப் போலீஸ் அடித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்குப் பிறகு செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையில் தொடங்கிய குழு விதிகளைத் திருத்தியது. 1972 முதல் வாக்காளர்களின் கை ஓங்கியது. அந்த ஆண்டு வேட்பாளர் ஆனவரும் மெக்கவர்ன்தான் என்பதில் கட்சிப் பெரியவர்களுக்குக் கசப்பு இருந்தது. நவம்பரில் அவர் படுதோல்வி அடைந்ததும் கசப்பு கூடியது. 1984 முதல் மக்கள் வாக்குக்குக் கட்டுப்படாத 'சூப்பர் பேராளர்கள்' நுழைந்தார்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு, போட்டி கடுமையாக இருக்கும் மாநாட்டில் முதல் சுற்று வாக்கெடுப்பில் அவர்களுக்கு இடமில்லை.

மக்கள் வாக்களித்து முடித்த பிறகும் கதை மாறலாம் என்பதை 2024 காட்டியது. பிரைமரிகளில் ஜெயித்த பைடன் ஜூலை 21 அன்று விலகினார். அவருக்கென்று தேர்வான பேராளர்கள், துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தாயின் மகளான கமலா ஹாரிஸை இணையவழி வாக்கெடுப்பில் வேட்பாளராக்கினார்கள். அவர் 2020 போட்டியில் முதல் வாக்கு விழுவதற்கு முன்பே விலகியவர். 2024 பிரைமரியில் வேட்பாளராக நிற்கவே இல்லை. விதிப்படி அதில் தவறு எதுவும் இல்லை. கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பும் இருந்தது.

பிரைமரியில் தோற்றவர் நவம்பரில் திரும்பி வருவாரா? பல மாநிலங்களின் சட்டம் தடுக்கிறது, சில இடங்களில் வழி இருக்கிறது. அலாஸ்காவின் லிசா மர்கௌஸ்கி 2010இல் பிரைமரியில் தோற்று, சீட்டில் அச்சிடப்படாத தன் பெயரை மக்களே எழுதும்படி கேட்டு செனட்டைத் தக்கவைத்தார். 2025இல் நியூயார்க் மேயர் பிரைமரியில் சோரான் மம்தானியிடம் தோற்ற ஆண்ட்ரூ கூமோ, நவம்பரில் சுயேச்சையாக நின்று மறுபடியும் தோற்றார்.

வீட்டில் 17 வயதுப் பிள்ளை இருந்தால் கடைசியாக இதையும் பாருங்கள். வர்ஜீனியா, மேரிலாந்து, இல்லினாய், ஓஹியோ உட்பட்ட பல மாநிலங்களில், நவம்பர் தேர்தலுக்குள் 18 வயது நிறையும் குடிமக்கள் பிரைமரியில் 17 வயதிலேயே வாக்களிக்கலாம். அவர்களும் முன்கூட்டியே வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஓஹியோவில் அவர்கள் வேட்பாளர் தேர்வில் மட்டும் குறிக்கலாம். அதே நாளில் வரும் வரி, கடன் பத்திரம் போன்ற கேள்விகளுக்கு வாக்களிக்க முடியாது.